பின் சீட்டு விளக்கு

இந்தக் காலத்தில் ஒருத்தனும் எதையும் குனிந்து பார்த்து வாங்குவதில்லை. கத்தரிக்காயானாலும் சரி, காரானாலும் சரி, போனில் படம் பார்க்கிறான், விரலால் தள்ளுகிறான், எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். விற்கிறவன் பல்லைக் காட்டிவிட்டால் நல்லவன். கதவைத் திறந்து, காலடியில் விரித்திருப்பதைத் தூக்கி, முகத்தை உள்ளே விட்டு மோந்து பார்க்கிற ஒரு ஆளை நான் டெல்லியில் கண்டதில்லை. முப்பத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் வண்டி துடைக்கிறேன். விடிகாலையில் பால்டித் தண்ணீரும் துணியுமாகப் போய், வீட்டுக்காரர்கள் எழுந்திருப்பதற்குள் வாசலில் நிற்கிற வண்டிகளைத் துடைத்து வைத்துவிட்டு வருகிற வேலை. எந்த வண்டியில் நாய் ஏறியது, எதில் குழந்தை வாந்தி எடுத்தது, எதில் சண்டை போட்டு எதையோ விட்டெறிந்தார்கள் எல்லாம் எனக்குத் தெரியும். மனுஷன் பொய் சொல்லுவான். வண்டிக்குள் இருக்கிற வாசனை பொய் சொல்லாது. என் மகன் ஜெயபாலும் மோந்து பார்க்கவில்லை.

இன்று காலை தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருக்கிறவன் தெரியாத பனி. மருமகள் சாந்தகுமாரி சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா, நேத்தும் அவரு வண்டியிலதான் படுத்துக்கிட்டாரு."

"தெரியும்."

"தெரியும்னா எப்படி? இஞ்சின ஓட விட்டு ஹீட்டரப் போட்டுக்கிட்டு, கண்ணாடிய ஏத்திக்கிட்டு தூங்கறாரு. போன வாரம் சாக்கடைக் கால்வா பக்கத்துல ரெண்டு பேரு அப்படித்தான் படுத்தாங்க, காலையில எந்திரிக்கல." சால்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "கேட்டா, அம்மா குளுருல தனியா இருக்குதுங்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா கேக்கறவனா அவன்?"

"நீங்க எதையோ மனசுல வச்சுக்கிட்டு இருக்கீங்க மாமா. அந்த வண்டிகிட்ட போனாலே உங்க மூஞ்சி மாறிடுது. எனக்குக் கண்ணு இருக்குது."

பால்டி நிரம்பி வழிந்தது. குழாயை மூடினேன்.

அவன் அம்மா என்று சொல்வது என் பெண்சாதி பவுனுவை. கார்த்திகையில் செத்துப்போனாள், நாற்பது நாள் ஆகிறது. மறுநாள் எரித்துவிட்டு வந்து வண்டியை நிறுத்தினோம். பின் சீட்டுக்கு மேலே, அவள் எப்போதும் உட்காருகிற இடத்துக்கு மேலே, கூரையில் இருக்கிற சின்ன விளக்கு தானாக எரிந்தது. யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் எரிந்தது, அணைந்தது. ஜெயபால் வண்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். அன்றிலிருந்து எப்போதாவது எரிகிறது, காலையில், மத்தியானத்தில், கணக்கில்லை. பின் சீட்டில் பூ வைத்திருக்கிறான். ஒருத்தரையும் அங்கே உட்கார விடுவதில்லை. ராத்திரி சாப்பாட்டைத் தட்டோடு எடுத்துப் போய் முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டே சாப்பிடுகிறான். டிராவல்ஸில் டிரைவர் வேலை, அதற்குப் பாதி நாள் போவதில்லை. டீசல் வண்டிக்கு டெல்லியில் பத்து வருஷம்தான் ஆயுசு. சர்க்காரில் பிடிப்பான், விடுவான், மாசத்துக்கு ஒரு சட்டம் போடுவான், அது வேறு. இந்த வண்டிக்கு அடுத்த மாசம் பத்து முடிகிறது. ஜெய்ப்பூரிலிருந்து ஒருத்தன் எடுத்துக்கொள்கிறேன் என்று வந்து நின்றான். ஜெயபால் அவனைக் கதவைத் தொட விடவில்லை.

அது ஜெர்மன்காரன் வண்டி. கப்பல் மாதிரி நீளம், உள்ளே வெண்ணெய் நிறத்துத் தோல் சீட்டு. லோதி ரோடு சர்க்கார் குவார்ட்டர்ஸில் மகாதேவன் சார் என்று ஒரு பெரிய ஆபீசர் இருந்தார். அமெரிக்காவில் இருக்கிற அவர் மகன் வாங்கிக்கொடுத்தது. எட்டு வருஷம் நான்தான் துடைத்தேன். பவுனு அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். எட்டு வருஷத்தில் அதன் சீட்டில் நான் ஒரு தரம் உட்கார்ந்ததில்லை. முட்டி போட்டுத் துடைப்பதோடு சரி.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் ரயில் பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் அந்த வண்டி மாட்டிக்கொண்டது. சாயங்காலம் வரைக்கும் சீட்டு முழுகி நின்றதாம். இழுத்து வந்து போட்டார்கள். உள்ளே சாக்கடைச் சேறு. மகாதேவன் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான்தான், சார் விடுங்க, நான் பார்க்கிறேன் என்றேன். பெரிய வாய். ஐந்து நாள் வேலை. விரிப்பையெல்லாம் உரித்து வெயிலில் போட்டேன். சீட்டு ஓடுகிற கம்பியில் ஏறின மண்ணைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் எடுத்தேன். காற்றாடி வைத்துக் காயவைத்தேன். நாற்றம் மட்டும் போகவில்லை. பவுனுதான் யோசனை சொன்னாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அந்த வீட்டம்மா வாங்கி வைத்திருந்த காப்பித்தூளை இரண்டு தட்டில் கொட்டி, சீட்டுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் கல்யாண வீடு மாதிரி மணந்தது.

அந்த வீட்டம்மா, வத்சலா அம்மா, சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "தர்மா, புதுசு மாதிரி ஆயிடுத்தே! தண்ணியில நின்னதுன்னு யார்ட்டயும் சொல்லிண்டு இருக்காதே, என்ன?" என்றாள். நான் சிரித்தேன். புதுசு மாதிரி என்ற வார்த்தைக்கு மயங்கிப்போய்ச் சிரித்தேன். யாரையும் நம்பாதவன் நான், என் கைவேலையை மட்டும் நம்பினேன். அவர்கள் ரிட்டையராகி மெட்ராஸ் போனார்கள். வண்டி கரோல் பாக்கில் ஒரு கடைக்குப் போயிற்று. நான் மறந்துவிட்டேன்.

பவுனுவுக்கு அப்போதே கிட்னி போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஆட்டோவில் போய் வருவோம். மெஷினிலிருந்து இறங்கி வருகிறவளுக்கு உடம்பில் ஒன்றும் இருக்காது. ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் கண்ணை மூடிக்கொள்வாள். ஜெயபால் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆடி மாசம் ஒரு நாள் எங்கள் சந்துக்கு வெளியே, பார்க் சுவரோரம் ஹாரன் அடித்தான். போய்ப் பார்த்தால் அதே வண்டி, அதே நம்பர்.

"எப்படிப்பா?" என்றான். "கடையில வரிசையா நாப்பது வண்டி. நம்பரப் பாத்ததும் அச்சா, இதுதான்னுட்டேன். எட்டு வருசம் எங்கப்பன் தொடைச்ச வண்டி, இதுல என்ன கோளாறு இருக்கப் போவுது? திறந்துகூடப் பாக்கல."

தோளில் கிடந்த துணியால் நம்பர் பலகையைத் துடைத்தேன். அவன் கடனோ உடனோ வாங்கியிருப்பான், என்னை உறுத்தியது அது இல்லை. என்னை நம்பி வாங்கிவிட்டான். அவன் சாகேபுகளுக்குத் திறக்கிற மாதிரி பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறும்மா" என்றான். பவுனு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஏறினவள் மூக்கை ஒரு தரம் இழுத்தாள். காப்பி வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அவள் முந்தானைக்குள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். பிறகு மகனைப் பார்த்து, "மெத்து மெத்துனு இருக்குதுடா" என்றாள்.

நாலு மாசம் போனாள், வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதெல்லாம் தூங்கிவிடுவாள். அதைச் சொல்லத்தான் வேண்டும், அந்த வண்டியில் அவள் தூங்கினாள். வண்டி அதன் வேலையைக் காட்டாமலும் இல்லை. மழை துடைக்கிற வைப்பர் வெயிலில் ஆடும். கண்ணாடி தானாக இறங்கும். "வெல ஒசந்த வண்டிப்பா, அதுக்கு மூளை இருக்குது" என்பான். இரண்டு தரம் நடுரோட்டில் செத்து நின்றது, பழையபடி ஆட்டோ பிடித்தோம். மெக்கானிக் ஒவ்வொரு தரமும் எதையோ மாற்றினான், என்னென்னவோ பேர் சொன்னான். ஒருத்தனும் விரிப்பைத் தூக்கவில்லை. நான் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்தால் பவுனு, "பேசாம இரு. என்னாத்துக்கு வாங்குனான்னு உனக்குத் தெரியாதா?" என்பாள். இருந்தேன்.

பால்டியோடு பார்க் சுவருக்குப் போனேன். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். ஜெயபால் கதவைத் திறந்தான். தாடியும் கம்பளியுமாக, கண் இரண்டும் சிவந்திருந்தது.

"இஞ்சின நிறுத்துடா. செத்துப்போவே."

"ஒண்ணும் ஆகாதுப்பா. மூச்சு முட்டுனா கண்ணாடி தானா எறங்கிடுது. அம்மாதான் எறக்கி விடுது."

பின் கதவைத் திறந்தேன். அவன் "பூ, பூ" என்று கத்தினான். பூவை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, காலடி விரிப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பித் தூக்கினேன். எங்கே பிடித்தால் வரும் என்று எனக்குத் தெரியும். அடியில் விரல் தண்டி ஒயர் கட்டு களிம்பேறிப் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. சேறு பொருக்குத் தட்டி ஒட்டியிருந்தது. காப்பித்தூள் போட்டு மூடின நாற்றம் அப்படியே எழுந்து வந்தது.

"மோந்து பாரு."

பார்த்தான்.

சொன்னேன். பாலத்தடித் தண்ணீர், பிரஷ், காப்பித்தூள், நான் சிரித்த சிரிப்பு, எல்லாம். ஜோடிக்காமல் சொன்னேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும். விளக்கு எரிகிறதும் கண்ணாடி இறங்குகிறதும் இந்தப் பச்சைதான், உங்கம்மா இல்லை என்றேன்.

அவன் கையில் பூ அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் ஒயரையே பார்த்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். காப்பித்தூள் வச்சதே அவதான்."

"தெரிஞ்சுமா ஏறி உக்காந்துச்சு?"

"நீ கதவத் தொறந்து புடிச்சுக்கிட்டு நின்னே. அப்புறம் என்னத்தடா சொல்லுவா?"

ஜெயபால் முன்னால் போய் இஞ்சினை நிறுத்தினான். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி அடங்கியது. சாவியை உருவிக்கொண்டு வெளியே வந்து, பூவைக் கம்பளிக்குள் வைத்தான். நான்கு கதவையும் பூட்டினான். சாந்தகுமாரி சந்து முனையில் நின்றிருந்தது பனியில் ஒரு நிழலாகத் தெரிந்தது. அப்பாடா, இதோடு ஆயிற்று என்று பால்டியைத் தூக்கினேன்.

விளக்கு எரிந்தது.

பூட்டின வண்டிக்குள், பின் சீட்டுக்கு மேலே, சின்ன மஞ்சள் விளக்கு. கீழே வெண்ணெய் நிறச் சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்த இடம் தெரிந்தது.

"அப்பா" என்றான்.

"ஒயருடா."

"பூட்டியாச்சுப்பா. சாவி என் கையில."

"ஈரத்துக்குச் சாவி எதுக்கு? பேட்டரி இருக்குது, ஒயர் இருக்குது, எரியும்."

அவன் கோபமே இல்லாமல் கேட்டான். "அப்ப நீ ஏம்ப்பா தெனமும் விடியறதுக்குள்ள வந்து அம்மா உக்கார்ற பக்கத்துக் கண்ணாடிய மட்டும் ரெண்டு தரம் தொடைக்கறே? நான் உள்ளாரதான படுத்திருக்கேன். உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

"அழுக்கு" என்றேன்.

நடந்தேன். ஒன்பது வண்டி பாக்கி, வெயில் வந்துவிட்டால் தண்ணீர் தடம் தெரியும், திட்டுவார்கள். பின்னால் அவன் கூப்பிடவில்லை. பால்டி தளும்பிக் காலில் பட்டது, ஐஸ் மாதிரி. நாலு வண்டி தள்ளி யாருடையதோ ஒரு வெள்ளைக் கார் பனி பூத்து நின்றது. கை பழக்கத்தில் அதன் கண்ணாடியில் துணியை ஒரு இழுப்பு இழுத்தேன். துடைத்த இடத்தில், எனக்குப் பின்னால் எங்கேயோ இருந்து விழுகிற வெளிச்சம், மஞ்சளாக ஒரு பொட்டு. மறுபடி துடைத்தேன். போகவில்லை. ஒயர்தான். ஒயரில்லாமல் வேறென்ன. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், பனிக்குள் போனேன்.