எந்தப் பிரிவு

நூலகத்தில் விளையாட்டு நாள் நடத்தலாம் என்று நூலகர் ஜோசபின் மேடம் சொன்னதிலிருந்து ரோகிணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கேரம், செஸ், இருக்கிற இரண்டு கம்ப்யூட்டரிலும் கார் ரேஸ். கார் ரேஸில் அவளை ஜெயிக்க எழுமலை ரோட்டில் ஆள் கிடையாது.

கையெழுத்து நன்றாக இருந்ததால் நோட்டீஸ் எழுதும் வேலை அவளுக்கு வந்தது. மேடம் சொல்லச் சொல்ல எழுதினாள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு ஒரு பிரிவு. ஒன்பது, பத்து ஒரு பிரிவு. பதினொன்று, பன்னிரண்டு ஒரு பிரிவு. பள்ளி அடையாள அட்டை அவசியம்.

பேனா அங்கேயே நின்றது.

"என்னம்மா, மை தீந்துருச்சா?"

"இல்ல மேடம்."

டுடோரியலில் ப்ளஸ் டூ படிப்பதாக மேடத்திடம் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் பத்தாவதில் கணக்கு போனதோடு சரி. இரண்டு வருடமாக எங்கும் படிக்கவில்லை. 'சும்மா இருக்கிறவளுக்கு லைப்ரரியில் என்ன வேலை?' என்று வீட்டில் கேட்பதை மேடமும் கேட்டுவிட்டால், தினமும் உட்கார்ந்து படிக்கிற ஜன்னலோர நாற்காலி போய்விடும். விளையாட்டு நாளன்று காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என முடிவு செய்துகொண்டாள்.

மறுநாள் மூன்றரை மணிக்கு, ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் தமிழ்வாணி மீதி நோட்டீஸ் கட்டோடு வந்தாள். ரோகிணி வயதுதான்.

"மேடம், நான் எந்தப் பிரிவு? கேரம் சூப்பரா வெளாடுவேன்."

"எந்த ஸ்கூலும்மா?"

"ஸ்கூலா? நின்னு மூணு வருசமாச்சு."

"இது படிக்கிற பிள்ளைகளுக்கும்மா. நீ வந்து பாரு, கைதட்ட ஆள் வேணும்ல."

"கைதட்ட நாந்தான் கெடச்சேனா?" என்று சிரித்தாள் தமிழ்வாணி. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

ரோகிணி எழுந்தாள். "மேடம், வகுப்பு வேணாம். வயசு போட்டாப் போதும்."

"நீதான எழுதுன? நேத்தே சொல்ல வேண்டியதுதான?"

"பயமா இருந்துச்சு. நானும் எங்கயும் படிக்கல மேடம். டுடோரியல்னு சொன்னது பொய்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அம்புட்டுப் பெரிய கணக்கு கைடை எதுக்கு எடுத்துட்டுப் போன?"

"நீங்க கேப்பீங்கன்னுதான்."

தமிழ்வாணி வாயைப் பொத்திக்கொண்டாள். மேடத்தின் உதடும் துடித்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"பொய்யப் பத்தி அப்புறம் பேசுறேன். நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்து நோட்டீசு பூராவும் வயசு போட்டுத் திருத்து. காலையில ஸ்கூல் கேட்டுல ஒட்டுனதை இப்பவே போய் மாத்திட்டு வந்துரு."

அது ரோகிணி படித்த பள்ளி. இரண்டு வருடமாக அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றிப் போகிறவள் அவள்.

"நானும் வாரேன்டி," என்றாள் தமிழ்வாணி.

அவர்கள் போய்ச் சேரவும் பள்ளி விடவும் சரியாக இருந்தது. ரோகிணி நோட்டீஸ் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு, பட்டை பேனாவால் 'வகுப்பு' எல்லாவற்றையும் அடித்தாள். அடையாள அட்டை வரியையும் அடித்துவிட்டு, மேலே 'வயது வரம்பு' என்று எழுதினாள். முதுகுக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"அக்கா, மறைக்காதீங்க. எம்புட்டு வயசு வரைக்கும்?"

மேடம் அதைச் சொல்லவில்லை. ரோகிணி அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"இருபது," என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. பிறகு அதையே எழுதினாள்.