மாற்றுக்கு இரண்டு பேர்

கீர்த்திக்கு வேகம் போதும். ராம்குமாருக்கு ஆங்கிலம் தடுமாறும், ஆனால் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறான்.

மனம் இப்படி ஓடிக்கொண்டிருப்பதை ஜொவிட்டா சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தாள். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில், மாடியில் அவள் நடத்தும் டைப்ரைட்டிங் வகுப்பில் காலை பேட்ச் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் முன்புதான் தம்பி லாய்ட் பேசினான். பத்தரைக்கு மறுபடி கூப்பிடுவான். அதற்குள் அவள் இரண்டு பெயர்கள் சொல்ல வேண்டும்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நான்கு மாதம் முன்பு போனவன். இறங்கியதும் காரில் ஏற்றி, ஓர் ஆற்றைக் கடக்கவைத்து, மதில் சூழ்ந்த கட்டடம் ஒன்றில் அடைத்துவிட்டார்கள். பாஸ்போர்ட் அவர்களிடம். பெண் பெயரில் முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்தி அனுப்பி ஏமாற்றுவதுதான் வேலை. ஆள் சிக்காத நாளில் அடி. விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சியதற்கு, உன் இடத்துக்கு இரண்டு பேரை வரவழைத்துவிட்டுப் போ என்றார்களாம்.

"உன்கிட்டதான் நல்லா டைப் அடிக்கிற பசங்க இருக்காங்களேக்கா," என்றான்.

முதல் மாதமே அவள் அரசு அலுவலகத்துக்கு மனுவோடு போனாள். சுவரில் போலி ஏஜென்ட்டுகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. எந்த ஏஜென்ட் என்று அதிகாரி கேட்டார். ஏஜென்ட் யாரும் இல்லை. கோயில் பாடல் குழுவில் லாய்டோடு பாடிய ஆஸ்வின்தான் அங்கிருந்து கூப்பிட்டான். "வேல சூப்பரு மச்சி, கெளம்பி வா" என்ற அவன் குரலை வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். ஏஜென்ட்டாக இருந்திருந்தால் ஜொவிட்டா நூறு கேள்வி கேட்டிருப்பாள். ஆஸ்வினிடம் சாப்பாடு எப்படி என்று மட்டும் கேட்டாள்.

லாய்ட் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் ஆஸ்வின் ஊர் திரும்பினான். ஞாயிறு பூசையில் கடைசித் தூணருகே நிற்கிறான். நற்கருணை வாங்க வருவதில்லை. ஏன் என்று இன்று காலைதான் அவளுக்குப் புரிந்தது. அவன்மீது கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவனும் இப்படித்தான் ஒவ்வொரு முகமாக எண்ணிப் பார்த்திருப்பான். தன்னை நம்புகிறவர்கள்தான் முதலில் நினைவுக்கு வந்திருப்பார்கள்.

"மிஸ், இவன் அடிக்கிற அடில டேபிளே நவுருது," என்றாள் கீர்த்தி.

"உனுக்கு இன்னா, ஹையர் பாஸு. நான் எட்டு மாசமா லோயர்லயே கீறேன்," என்றான் ராம்குமார். "மிஸ், ஃபாரின்ல வேல எதுனா இருந்தா சொல்லுங்க. நீங்க சொன்னா எங்கம்மா கண்ண மூடிக்கினு அனுப்பும்."

"உன்ன எதுக்குடா கூப்புடுவாங்க? டேபிள் தள்றதுக்கா?" என்றாள் கீர்த்தி.

வகுப்பே சிரித்தது. ஜொவிட்டாவும் சிரித்தாள். போன் அடித்தது. எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள்.

"சாப்டியாடா?"

"பேரு சொல்லுக்கா. பக்கத்துலயே நிக்கிறாங்க."

அங்கே ஸ்பீக்கரில் போட்டிருப்பது எதிரொலியில் தெரிந்தது. தூதரகத்துக்குப் போயிருக்கும் மனுவைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

"ரெண்டு பல்லு போச்சுக்கா. இன்னும் ஒரு மாசம் தாங்க மாட்டேன். வர்றவங்களும் வேற ரெண்டு பேர கூப்ட்டு வுட்டுட்டு வந்துருவாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

அவன் அதை நம்பித்தான் சொல்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"இப்ப முடியலன்னா யோசிச்சு சாயங்காலம் சொல்லு."

"யோசிச்சுட்டேன்டா."

"ரெண்டு வேணாம், ஒருத்தர்னு பேசிப் பாக்கட்டா? அக்கா? ஒரே ஒருத்தர்?"

அவனாகப் போனை வைக்கும்வரை தான் வைக்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

"ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன், லாய்ட்," என்றாள், உள்ளே யாருக்கும் கேட்காத குரலில்.