அகில உலக லாந்தர் நிலையம்

ராமநாதபுரத்தில் ஓட்டை லாந்தர்களை வாங்கி, ஈயம் பற்றவைத்து, பச்சை பெயின்ட் அடித்து விற்பவர் சதக். கடைப் பலகையில் 'அகில உலக லாந்தர் புனருத்தாரண நிலையம்' என்று எழுதியிருந்தார். அந்த உலகம் பக்கத்து ஊரான உச்சிப்புளியோடு முடிந்துவிடும். கமுதியில் பொன்னுச்சாமிக்கும் இதே தொழில். இருவரில் யார் அதிகம் பழைய லாந்தர் சேர்க்கிறாரோ அவருக்கே தம் படகுகளுக்கான ஆர்டர் என்று சொல்லிவிட்டார் பாம்பன் ஹாஜியார்.

சதக் லாந்தருக்கு அரைப்படி பேரீச்சம்பழம் கொடுத்தார். பத்தே நாளில் எண்பது சேர்ந்தன. பொன்னுச்சாமிக்குப் பன்னிரண்டுதான்.

ஹாஜியார் பார்வையிட வந்த அன்று சதக் அத்தர் பூசிக்கொண்டு, குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் பாண்டியம்மாள் ஒரு லாந்தரோடு வந்தாள்.

"இந்தாங்க பாய். போன மாசம் உங்ககிட்ட வாங்குனதுதான். அதுக்குள்ள ஒழுகிருச்சு."

ஹாஜியார் குவியலைக் கிளறினார். முக்கால்வாசி பச்சை பெயின்ட்.

"அப்ப பொன்னுச்சாமிக்கு ஏம்மா இவ்வளவு வரல?"

"அவரு வித்ததுதான் இன்னும் எரியுதே" என்றாள் அவள், பழத்துக்கு முந்தானையை விரித்தபடி.

தம் வெற்றியின் ரகசியம் சதக்குக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கமுதிக்குத்தான போறீக, ஹாஜியாரே? அங்கன எனக்கும் ஒரு லாந்தர் வாங்கிட்டு வாங்க. வீட்டுல இருக்கிறது நான் பத்தவச்சது."