ஒன்பதாவது வளைவுக்கு ஓர் இடம்

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவைச் சாலையிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள் என்பதைச் சவரிராயனுக்கு அந்த வளைவே ரேடியோவில் சொன்னது. அவர் அப்போது ஏழாவதைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார். அந்த மலையில் வளைவுகள் பதினாலாம் சேனலில் பேசும். ஈரமாக இருக்கிறேன், டீசல் சிந்திக் கிடக்கிறது, மேலேயிருந்து லாரி வருகிறது என்று காரியத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். ஒன்பதாவது அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தன் சொந்த விஷயத்தைப் பேசியது.

பள்ளத்தின் குறுக்கே பாலம் முடிந்துவிட்டது, இனி வண்டிகள் நேராகப் போய்விடும், தனக்கு இங்கே வேலை இல்லை என்றது. இதற்கு முன்னால் வேலை போன வளைவு ஒன்று தேனியில் யாருடைய குடைக்கோ கைப்பிடியாக இருக்கிறதாம். தன் உடம்புக்கு அது தோதுப்படாது என்றும் சொன்னது. பிறகு, உங்கள் பின்சீட் காலியாகத்தானே வருகிறது என்று கேட்டது.

பின்சீட் எப்போதுமே காலிதான். அவர் மனைவி பிலோமினா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர், ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டு பயணம் போக முடியாது என்று தனக்கென்று ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியவர். லீவு கிடைத்தால் இருவரும் இரண்டு வண்டிகளில் கிளம்பிவிடுவார்கள். இரண்டு வண்டியிலும் சி.பி. ரேடியோ இருந்தது. ஹேண்டில்பார் பக்கத்தில் சின்னப் பெட்டி, சுருள் ஒயரில் தொங்கும் மைக், பின்னால் ஆளுயரத்துக்கு ஆடும் ஏரியல். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. கல்யாணமானவர்கள் வீட்டுக்கு வீடு வாங்கி வைக்க வேண்டிய சாமான் என்று பிலோமினா சொல்வார்.

வீட்டில் அவர் சவரிராயனை ‘என்னங்க’ என்பார். ரேடியோவில் அப்படி இல்லை. அங்கே சவரிராயன் பருந்து, பிலோமினா பம்பரம். பம்பரம் பருந்தை நீ, வா, போ என்றுதான் பேசும். சவரிராயனுக்கு அது ரொம்பப் பிடிக்கும். அதற்காகவே இடைவெளி விட்டுப் பின்னால் வருவார்.

ஒன்பதாவதில் ஒரு பெரிய பாறை உண்டு. முன்னால் போகும் பிலோமினா அதைச் சுற்றி மறைந்ததும் மைக்கை எடுப்பார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் அங்கேதான் சொல்வார். மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கச் சம்மதம் என்பதை அங்கே சொன்னார். சவரிராயன் பாடினால் தனக்குத் தலை வலிக்கிறது என்பதையும் அங்கேதான் சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன்னால், முட்டி வலிக்கிறது, இனி மலைக்கு வரமாட்டேன் என்றதும் அதே இடத்தில்தான்.

அதற்குப் பிறகு பிலோமினாவின் வண்டியை அவரிடம் படித்த பெண் ஒருத்தி வாங்கிக்கொண்டு போனாள். ரேடியோ மட்டும் கழன்று வந்து சமையலறையில் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்தது. வத்தலக்குண்டில் அவர்கள் வீடு ஒரே நீட்டு வீடு. ஹால் நாற்காலியில் உட்கார்ந்தால், நடையைத் தாண்டி அடுப்படியில் நிற்கும் பிலோமினாவைப் பார்க்கலாம். நாள் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததால் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. காபி வேண்டுமென்றால் சவரிராயன் டம்ளரைத் தூக்கிக் காட்டுவார்.

ஒன்பதாவதுக்கு வந்ததும் சவரிராயன் பாறை ஓரத்தில் வண்டியை நிறுத்தினார். வளைவு ஏறி உட்கார்ந்தது. கனமே தெரியவில்லை, வண்டி மட்டும் இடப்பக்கம் சாய்ந்தது. சமவெளிக்கு இறங்கி, நூல் பிடித்த மாதிரி கிடக்கும் சாலைக்கு வந்த பிறகும் அவர் சாய்ந்தே ஓட்டினார். வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடங்களில் மூன்று முறை இடப்பக்கம் திரும்பினார். பெட்ரோல் போட்டவர் பின்சீட்டைப் பார்த்துவிட்டு, ஒரு கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளச் சொன்னார். நழுவி விழுந்தால் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் வயலுக்குள் திரும்பிவிடுவார்களே என்றார். கயிறும் அவரே கொடுத்தார்.

வழி நெடுக வளைவு பேசிக்கொண்டு வந்தது. பிலோமினா சிரித்தது, கோபத்தில் மைக்கை டாங்கின் மேல் போட்டது, ஒரு மழைநாளில் இருவரும் ஒன்றும் பேசாமல் பொத்தானை மட்டும் மாறி மாறி அழுத்தி விளையாடிக்கொண்டு போனது எல்லாம் அதற்கு ஞாபகம் இருந்தது. சவரிராயன் மெதுவாகவே ஓட்டினார்.

பிலோமினா கதவைத் திறந்து பின்சீட்டைப் பார்த்தார்.

“ஒன்பதாவதா?”

“ஆமா.”

“எங்க போடப் போறீங்க?”

கொல்லையில் போட்டால் முருங்கை மரம் இடிக்கும். மாடியில் போட்டால் துணி காயப்போட முடியாது. பிலோமினா சற்று நேரம் நடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆளுக்கொரு முனை பிடித்து, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே, பாறை சுவரோடு ஒட்டும்படி பாயைப்போல விரித்தார்கள். சமையலறை கொஞ்சம் உயரத்துக்குப் போனது. சாயங்காலமே அங்கே குளிர ஆரம்பித்தது. பிலோமினா பீரோவிலிருந்து பழைய ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் சவரிராயன் ஹாலில் உட்கார்ந்து டம்ளரைத் தூக்கிக் காட்டினார். பாறை மறைத்தது. கூப்பிட்டுப் பார்த்தார், குரல் போய்ச் சேரவில்லை. அப்போது போர்ட்டிகோவில் நின்ற மோட்டார் சைக்கிளிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது.

“பருந்து, பருந்து, பம்பரம் பேசுறேன். கேக்குதா? ஓவர்.”

அவர் போய் சீட்டில் உட்கார்ந்து மைக்கை எடுத்தார். கேட்கிறது என்றார். மேலே பனி இறங்கியிருக்கிறது, பால் பொங்க நேரமாகும் என்று பம்பரம் சொன்னது. அவர் செய்தித்தாளில் வந்ததைச் சொன்னார். அப்படியே எதிர்வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசினார்கள், மகளைப் பற்றிப் பேசினார்கள். பாலும் பொங்கி அடங்கியது. பிறகு பம்பரம் மறுபடி கூப்பிட்டது.

“பருந்து, ஒண்ணு சொல்லணும். முட்டி வலி நிஜந்தான். ஆனா அதுக்காக நான் நிறுத்தல. அன்னிக்கு ஏறும்போது ஒன்பதாவதைத் தாண்டிட்டு உன்னைக் கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். பதிலே இல்ல. நீ பள்ளத்துல விழுந்துட்டன்னு நெனச்சுட்டேன். அந்த மாதிரி இன்னொரு தரம் நின்னு கூப்பிட என்னால ஆகாது. ஓவர்.”

சவரிராயன் பொத்தானை அழுத்திப் பிடித்தார். அழுத்திக்கொண்டிருக்கிற வரைக்கும் அங்கேயிருந்து யாரும் பேச முடியாது என்பது நினைவுக்கு வந்ததும் பேசினார்.

“வண்டிய நிறுத்திட்டு பிளம்ஸ் வாங்கிக்கிட்டிருந்தேன். ஓவர்.”

“தெரியும். நாந்தான தின்னேன். ஓவர்.”

“இத்தன வருஷத்துல சொல்லியிருக்கலாம்ல? ஓவர்.”

“நீ மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படிச் சொல்றது? ஓவர்.”

அவர் பதில் சொல்வதற்குள் சேனலில் மூன்றாவது குரல் ஒன்று வந்தது. மலைக்குப் போகிற பஸ், கீழே வாசலில் நிற்கிறேன், மேலேயிருந்து யாராவது இறங்குகிறீர்களா என்று டிரைவர் கேட்டார். சவரிராயன் திரும்பிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு நடைக்குள் எட்டிப் பார்த்தார்.

“யாரும் வரல, ஏறி வாங்க. பாறையை ஒட்டியே வாங்க, இந்தப் பக்கம் கேஸ் சிலிண்டர் இருக்கு” என்றார் பிலோமினா.

சவரிராயன் வண்டியை ஓரங்கட்டி, கேட்டையும் கதவையும் அகலத் திறந்துவிட்டார். பஸ் ஹாலைக் கடந்து, கியர் மாற்றி, நடையில் முக்கி முனகி ஏறியது. பாறையைச் சுற்றி மறைந்தது. விசில் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் விசில் சத்தம் கேட்டது.

“பருந்து, ஜன்னல் சீட்டு கெடச்சிருச்சு. அடுப்ப அணைச்சுட்டேன், ரேடியோவயும் எடுத்துக்கிட்டேன். நீ பின்னால வா. பேசிக்கிட்டே வா. ஓவர்.”

“பின்னாலதான் இருக்கேன். ஓவர்” என்றார் சவரிராயன்.

ஹாலுக்குள் செருப்போடு வந்தால் பிலோமினாவுக்குப் பிடிக்காது. சவரிராயன் செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.