நோயாளியின் விருப்பம்

"குசினிக்குள்ள வராத எண்டு எத்தினை தரம் சொல்றது, பிள்ளை?"

ஜெயந்தினி அகப்பையும் கையுமாக வாசலை மறித்து நின்றாள். சுபத்திரா பின்வாங்கினாள். தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து அவளை மதிப்பிட வந்திருந்த ரொபின்சன் சேர், விறாந்தைக் கதிரையில் தலையைக் குனிந்துகொண்டார்.

சுபத்திராவின் ஊரான பெரியமடுவில் அறுவடை மிஷின்கள் வந்தபிறகு அவளுக்குக் கூலிவேலை இல்லாமல் போயிற்று. கொழும்புக்கென்று போன புருஷன் போனவன்தான். தொழில் படித்தால் நாடும் முன்னேறும், நீங்களும் முன்னேறலாம் என்று ஊர்க் கூட்டத்தில் சொன்னார்கள். நம்பினாள். மகளைத் தாயிடம் விட்டுவிட்டு நோயாளர் பராமரிப்புப் படிக்கச் சேர்ந்தாள். செய்முறைப் பயிற்சிக்கு மன்னார் டவுனில் இந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜெயந்தினியின் தகப்பன் யோகராசா பாரிசவாதம் வந்து பேச்சில்லாமல் கிடந்தார்.

அவரைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மலசலம் துடைப்பது எல்லாம் சுபத்திராதான். சாப்பாடு ஊட்டுவது மட்டும் ஜெயந்தினி.

"நாங்கள் அதொண்டும் பாக்கிறேல்ல. அப்பா பழைய ஆள். தோட்டக்காட்டு ஆக்களின்ர கையால வாங்கமாட்டார்" என்பாள்.

சுபத்திரா தேயிலைச் செடியைக் கண்ணால் கண்டதில்லை. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக இருந்து, கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்தவர் அவளுடைய தாத்தா. ஆனாலும் இந்த வீட்டில் அவள் தோட்டக்காட்டாள். கிழவர் பெயரைச் சொல்லி மகள்தான் பேதம் பார்க்கிறாள் என்றே சுபத்திரா நினைத்தாள். முதுகைத் துடைத்துவிடும்போது கிழவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். கண் கலங்கும்.

"ஊட்டிக் காட்டத்தான் வேணும், அம்மா" என்றார் ரொபின்சன். "இல்லாட்டி இந்தப் பிள்ளையைப் பாஸ் பண்ண ஏலாது."

"அக்கா, ஒருக்கா விடுங்கோ." சுபத்திரா கெஞ்சினாள். "இதில பெயிலானா நான் என்ர பிள்ளைக்கு எதைக் குடுக்கிறது?"

ஜெயந்தினி கஞ்சிக் கோப்பையைக் கொண்டுவந்து நிலத்தில் வைத்துவிட்டு விலகினாள்.

சுபத்திரா கிழவரை நிமிர்த்தி இருத்தினாள். முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். கரண்டியில் கொஞ்சமாக அள்ளி ஊதி, "ஐயா, வாயைத் திறவுங்கோ" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். கோணிப்போயிருந்த உதடுகளை, இருந்த பலம் முழுவதையும் கூட்டி, இறுக மூடிக்கொண்டார்.

"ஐயா, பசிக்குமெல்லோ. கொஞ்சம்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரொபின்சன் கொப்பியை மூடினார். "நோயாளியின்ர விருப்பத்தை மதிக்கவேணும், பிள்ளை. அதுதானே நாங்கள் படிப்பிச்ச முதல் பாடம். அடுத்த வருசம் திரும்ப வாரும், பாப்பம்."

அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கைப் பாதை முடியும்வரை கேட்டது. மகளுக்கு என்ன சொல்வது? காலையில் முதல் பஸ்ஸுக்கு ஓடிவந்ததில் அவள் பச்சைத் தண்ணீரும் குடித்திருக்கவில்லை. கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோப்பையை மடியில் வைத்தாள். அதே கரண்டியால் அள்ளித் தன் வாயில் வைத்தாள். கண்ணீர் கஞ்சிக்குள் விழுந்தது. நிறுத்தாமல் சாப்பிட்டாள்.

உள்ளே வந்த ஜெயந்தினி திகைத்து நின்றாள். கோப்பையைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். விரிப்பில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"அப்பா நனைச்சுப்போட்டார். எழும்பித் துடை."

"சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்" என்றாள் சுபத்திரா. அடுத்த கரண்டியை ஆற அமர அள்ளினாள்.