சுவரைத் தாண்டிக் கொடுத்த கீரை

திருவான்மியூரில் சொந்த வீடும், வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி மண்ணும் வைத்திருப்பது இந்தக் காலத்தில் லேசான காரியமில்லை. முத்துகிருஷ்ணனுக்கு அது தெரியும். வருகிறவர்களுக்கும் தெரியப்படுத்திவிடுவார். தி.நகர் ஜவுளிக்கடையை மகன் ராம்குமாரிடம் ஒப்படைத்த பிறகு அவருடைய பொழுது முழுக்கத் தோட்டத்தில்தான்.

சாத்தான்குளம் பக்கத்து ஆள் அவர். மீசை முளைக்கும் முன்பே மாமாவின் கடையில் துணி மடிக்கச் சென்னைக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம் ஊரில் சேர்ந்தாற்போல ஒரு மாதம் தங்கியதில்லை. ஆனாலும் செடி கொடி என்று பேச்சு வந்தால், "நாங்க ஊர்க்காரங்க, எங்களுக்குத் தெரியாத இலையா" என்பார். வீட்டில் யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை.

மழைக்கு முன்னால் ஒரு லோடு செம்மண்ணும் எருவும் கொட்டியிருந்தார். மழை விட்டதும், விதை போடாத பாத்தியில் தளதளவென்று ஏதோ முளைத்து வந்தது. அகலமான இலை, நல்ல பச்சை. அந்த வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பிடி பறித்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தார்.

மனைவி இசக்கியம்மாள் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தாள். "இது என்ன கீரைங்க? நாறுதே."

"காட்டுக்கீரைட்டி. எரு வாடை. வெந்தா போயிரும்."

"எதுக்கும் யாருகிட்டயாவது கேட்டுக்கிடுவமா?"

"என்னைய விடவா இன்னொருத்தனுக்குத் தெரியப் போவுது?"

அவள் இலையை அலசப் போனாள். அவர் மறுபடியும் பாத்திக்குப் போனார். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கமர் ஜஹான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இனாயத்தும் அவளும் மட்டும்தான் அந்த வீட்டில். முத்துகிருஷ்ணன் இன்னொரு பிடி பறித்து, சுவரைத் தாண்டி நீட்டினார்.

"நம்ம தோட்டத்துக் கீரைம்மா. மருந்து அடிக்காதது."

"தேங்க்ஸ் அண்ணே" என்று வாங்கிக்கொண்டாள்.

முத்துகிருஷ்ணனுக்கு அன்று வயிறு சரியில்லை. மதியம் மோர் சாதத்தோடு எழுந்துவிட்டார். ஆனால் எழுவதற்கு முன், "கீரை எப்படி இருக்கு?" என்று கேட்டார். இசக்கியம்மாள் சோற்றில் பிசைந்து இரண்டு கவளம் தின்றுவிட்டு, "நல்லாருக்கு" என்றாள். அவர் பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, கிண்ணத்தில் இருந்ததையும் போட்டுக்கொண்டாள்.

அவர் படுத்துக் கண்ணயர்ந்து எழுந்தபோது அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து கிடந்தது. நாக்கு ஒட்டுகிறது, தண்ணீர் வேண்டும் என்றாள். சொம்பைக் கொடுத்தால் வாங்கத் தெரியவில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, தலையைத் தூக்கி அவரைப் பார்த்து, "கடையில கூட்டமா இருக்கு, அப்புறம் வாங்க" என்றாள்.

கடையிலிருந்து ராம்குமார் வந்து சேர்ந்ததும், அடையாறில் ஒரு மருத்துவமனைக்கு அவளைக் கொண்டுபோனார்கள். படுக்கையில் அவள் கை ஓயவே இல்லை. போர்வையில் இல்லாத நூலைப் பிரித்துப் பிரித்துப் போட்டாள். கண்மணிகள் பெரிதாக விரிந்திருந்தன. "நல்லாருக்கு, நல்லாருக்கு. அவியகிட்டச் சொல்லிருங்க, நல்லாருக்கு" என்று நர்ஸிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இளம் டாக்டர் டார்ச் அடித்து அவள் கண்களைப் பார்த்தாள். "என்ன சாப்பிட்டாங்க?"

"கீரை. வீட்டுத் தோட்டத்துல வந்தது" என்றார் முத்துகிருஷ்ணன்.

"யாருப்பா பறிச்சது?" என்று ராம்குமார் கேட்டான்.

அவர் எதையும் யோசித்துச் சொல்லவில்லை. வாய்தான் முந்திக்கொண்டது. "அவதான். நான் பார்க்கல."

"ஊமத்தை மாதிரி தெரியுது" என்றாள் டாக்டர். "செடியைப் பார்த்தா உறுதியாச் சொல்லலாம். வேற யாராவது சாப்பிட்டாங்களா?"

"இல்ல."

டாக்டர் திரும்பிப் போன பிறகுதான் சுவரும், சுவரைத் தாண்டி நீண்ட தன் கையும் அவர் நினைவுக்கு வந்தன. கமர் ஜஹானின் நம்பர் அவரிடம் இல்லை. ராம்குமாரிடம் இருந்தது, அவன் கையிலேயே போன் இருந்தது. கேட்டால், எதற்கு என்பான். அந்த வீட்டுக்கு எப்படிப்பா கீரை போனது என்பான்.

"நான் போயி செடியப் பிடுங்கிட்டு வாரேன்" என்றார்.

"நீங்க இருங்கப்பா, நான் போறேன்."

"உனக்கு எந்தப் பாத்தின்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

எல்.பி. ரோட்டில் வண்டிகள் அசையவில்லை. ஆட்டோவுக்குள் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். இப்போதுகூட ராம்குமாரைக் கூப்பிடலாம். திருவான்மியூர் போய்விடலாம், ராத்திரிக்கு யார் கீரை சமைக்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு இனாயத் சர்க்கரை வியாதிக்காரர், நேரத்தோடு சாப்பிடுகிறவர் என்பது ஞாபகம் வந்தது. "கொஞ்சம் சீக்கிரம் போப்பா" என்றார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "இன்னா சார் பண்ண சொல்ற, பறக்கவா முடியும்?" என்றார்.

கமர் ஜஹான் கதவைத் திறந்தபோது உள்ளே குக்கர் சத்தம் கேட்டது. அவர் செருப்போடே சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். பருப்பு வெந்துகொண்டிருந்தது. பலகையின் மேல் கீரை பொடிப்பொடியாக நறுக்கிக் கிடந்தது.

"அதைப் போடாதீங்கம்மா. அது விஷம்."

அவர் சொன்னதை எல்லாம் நின்றபடியே கேட்டாள். இசக்கியம்மாள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். பலகையோடு எடுத்துக் கீரையை ஒரு கவரில் கொட்டி முடிச்சுப் போட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவிக்கொண்டே, "ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணே" என்றாள்.

"உங்க நம்பர் இல்லம்மா."

"ராம்குமார்கிட்ட இருக்கே."

அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பி அவரை ஒரு முறை பார்த்தாள். வங்கியில் எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்துப் பழகியவள். "நீங்க கெளம்புங்க. அக்காவைப் பாருங்க" என்றாள்.

பாத்தியின் கோடியில், சுவர் ஓரமாக, மற்றவற்றுக்கு முன்பே முளைத்த ஒரு செடி பூத்து நின்றது. வெள்ளையாக, நீளமாக, குழல் போல ஒரு பூ. மருந்தீஸ்வரர் கோயில் வாசலில் எத்தனையோ தடவை வாங்கியிருக்கிறார். பூவைத் தெரியும், அதன் இலை எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. வேரோடு பிடுங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். டாக்டர் பார்த்த உடனே, "இதேதான்" என்றாள். ராத்திரி கண்காணிப்பில் இருக்கட்டும், பயப்பட வேண்டாம், தெளிந்துவிடும் என்றாள்.

டாக்டரிடம் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் கடையிலிருந்து இரண்டு சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். "பொம்பளைங்க கண்ணுல பட்டதை எல்லாம் பறிச்சிருவாங்க" என்றார் ஒருவர். முத்துகிருஷ்ணன் தலையை ஆட்டினார். ஆட்டியது தெரிந்ததும் எழுந்து வெளியே போய் நின்றார்.

மறுநாள் காலை இசக்கியம்மாள் தெளிந்திருந்தாள். குரல் மட்டும் கரகரத்தது. என்ன நடந்தது என்று கேட்டாள். ராம்குமார் சொன்னான். ராத்திரி முழுக்கப் பயந்திருந்தவன், பயம் போனதும் கோபப்பட்டான்.

"ஏம்மா இப்படிக் கண்டதைப் பறிச்சுச் சமைக்கிறே? அப்பா இருக்காருல்ல, ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

இசக்கியம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, "ஆமாய்யா. கண்ணு இப்பல்லாம் சரியாத் தெரிய மாட்டேங்குது" என்றாள்.

அந்த நேரத்தில்தான் கமர் ஜஹான் ஃபிளாஸ்கில் கஞ்சியோடு உள்ளே வந்தாள். "பாருங்க ஆன்ட்டி, அம்மா பண்ணி வெச்ச வேலையை" என்றான் ராம்குமார். கமர் ஜஹான் ஃபிளாஸ்கை மேஜையில் வைத்து, டம்ளரைத் தேடினாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முத்துகிருஷ்ணன் பக்கம் திரும்பவும் இல்லை.

அவள் திரும்பியிருந்தால்கூட அவர் இன்னும் கொஞ்சம் தாங்கியிருப்பார்.

"அவ பறிக்கல" என்றார். "நான்தான் பறிச்சேன். நாறுதுன்னு சொன்னா, நான்தான் சமைக்கச் சொன்னேன். இவங்க வீட்டுக்கும் நான்தான் குடுத்தேன். நேத்து பொய் சொல்லிட்டேன்."

ராம்குமார் கமர் ஜஹானைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "இவங்க வீட்டுக்குமா?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

இசக்கியம்மாள் எழுந்து உட்காரப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டியளா கமரு?"

"இல்லக்கா. நறுக்கி வெச்சிருந்தேன், அதுக்குள்ள அண்ணன் வந்துட்டாரு."

"வந்தாவளா? போன் பண்ணலியா?"

கமர் ஜஹான் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். "சூடு இருக்கு, மெதுவாக் குடிங்க" என்றாள். சிறிது நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

இருவரும் தனியானார்கள். "நீ எதுக்குட்டி உன் மேல போட்டுக்கிட்ட?" என்று கேட்டார்.

"புள்ள முன்னால நீங்க தலை குனிய வேணாம்னுதான். எனக்கு என்ன ஆவப் போவுது? நான்தான் பொழச்சிட்டேன்லா." கஞ்சி டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். "ஆனா அந்தப் புள்ள வீட்டுல அடுப்பு எரிஞ்சிட்டு இருந்திருக்கு. நீங்க ஆட்டோ ஏறிப் போயிருக்கிய."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் டம்ளரை வைத்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். ராம்குமார் ஆள் வைத்துப் பாத்தியைக் கொத்திப் போட்டிருந்தான். அப்பாவிடம் கேட்கவில்லை. அவனுடைய பேச்சு கடை விஷயத்தோடு நின்றது. சொந்தக்காரர்கள் போனில் விசாரித்தபோது, இந்தத் தடவை முத்துகிருஷ்ணனே வாங்கிச் சொன்னார். "நான்தான் தெரியாம பறிச்சேன்." ஒவ்வொரு தடவையும் சொன்னார். போன் பண்ணாத விஷயத்தை மட்டும் அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

அதைச் சொல்ல வேண்டிய இடம் அடுத்த வீடு என்று அவருக்குத் தெரியும். சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு போனார். கதவைத் திறந்தது இனாயத். வாசலிலேயே நின்று சொன்னார்: "நம்பர் இருந்துச்சு பாய். என் பையன்கிட்ட இருந்துச்சு. அவனுக்குத் தெரிஞ்சிரும்னு கேக்காம இருந்துட்டேன்."

இனாயத் வீட்டுக்குள் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "கமர் சொல்லலியே" என்றார். பிறகு நகர்ந்து வழி விட்டார். "உள்ள வாங்க. டீ போடச் சொல்றேன்."

உள்ளே போய் உட்கார்ந்தார். டீ வந்தது. இனாயத் மழையைப் பற்றியும் தெருவில் தோண்டிப் போட்டிருக்கும் பள்ளத்தைப் பற்றியும் பேசினார். கமர் ஜஹான் வந்து, அக்கா சாப்பிட்டார்களா என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டாள் என்று முத்துகிருஷ்ணன் டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார்.