மெர்சி சொன்ன சவாரி

பிரெஞ்சு தனக்குத் தண்ணிபட்ட பாடு என்று புதுப் பெண்டாட்டி கமலவேணியிடம் அளந்திருந்தான் தெய்வநாயகம். உண்மையில் அவனுக்குத் தெரிந்தது நன்றி சொல்லும் ‘மெர்சி’ ஒன்றுதான்.

லீவுக்குச் சுத்துக்கேணிப் பக்கம் செம்மண் பள்ளத்தாக்கும் பாறையும் பார்க்க, வாடகைக் குதிரையில் கிளம்பினான். அவள் பின்னால் மாட்டுவண்டியில் வந்தாள்.

“துரை வூட்டுல வளந்த குதிரைங்க இது. பிரெஞ்சுல சொன்னாத்தான் கேக்கும்,” என்றார் வழிகாட்டி பக்கிரி.

பாறைமேல் ஓணான் ஓடியதும் குதிரை மிரண்டு பறந்தது. “மெர்சி! மெர்சி!” என்று அலறினான். சவாரி முடிந்து இறங்கும்போது துரை குதிரையிடம் சொல்லும் வார்த்தை அது. குதிரை சட்டென்று நின்றுவிட்டது.

வண்டியும் வந்து சேர்ந்தது.

“மெர்சின்னா இன்னாங்க?” என்றாள் கமலவேணி.

“நில்லுன்னு அர்த்தம்.”

அவள் கைகொடுத்து இறக்கி, முந்தானையால் அவன் முகத்துப் புழுதியைத் துடைத்தாள். தன்னையறியாமல், “மெர்சி,” என்றான்.

“நின்னுக்கினுதானே இருக்கேன்,” என்றாள் சிரிக்காமல்.